அரைஞாணோடு போட்ட எடை

ஆயிரமாயிரம் லாரிகளை எடை போட்டு அனுப்பிய என் ஆசை அப்பாவுக்கு,

உங்கள் பேத்தி பிறந்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். பெயர் யாழினி. கிளினிக்கில் உட்கார்ந்து இதைக் கைப்பேசியில் தட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் எண் முப்பத்தெட்டு, இப்போதுதான் பதினாறைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிள்ளை அண்ணி மடியில் இருக்கிறாள். அண்ணி என்றால் கதிரின் அக்கா, என் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத் தங்காக்கிலிருந்து வந்தவர். எங்கள் கல்யாணத்தில் சாம்பார் வாளிக்காக உங்களோடு சண்டை போட்டாரே, அவரேதான்.

இன்று யாழினியின் எடை மூன்று கிலோ முன்னூறுக்குக் குறைந்தால் மறுபடியும் வார்டில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் முறை வருவதற்குள் உங்களிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு திருட்டு வேலை செய்துவிட்டேன், அப்பா. அதுவும் எடையில். அதுவும் உங்கள் மகள்.

காஹாங் செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிக்காரர்கள் உங்களிடம் என்னென்ன வித்தை காட்டினார்கள் என்று தினமும் சாப்பிடும்போது சொல்வீர்களே. பழக்குலைக்கு அடியில் நனைந்த சாக்கு. கிளீனர் இறங்காமல் சீட்டுக்குக் கீழே படுத்துக்கொள்வது. நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன். 'போனாப் போகுது, விட்டுட்டாதான் என்னப்பா' என்று லாரிக்காரனுக்காகப் பரிந்து பேசுவேன். உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்போதே நான் லாரிக்காரன் கட்சிதான் போலிருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். யாழினி பிறக்கும்போது இரண்டு கிலோ எண்ணூறு. முதல் வாரத்தில் கொஞ்சம் இறங்கியது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான், ஏறிவிடும் என்றார்கள். ஏறியது, ஆனால் ஏனோதானோ என்று ஏறியது. இருபத்தெட்டாம் நாள் இங்கே கொண்டுவந்து போட்டபோது மூன்று கிலோதான். ரொஹானா என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி இருக்கிறார், வயதானவர், நிதானமாகப் பேசுவார். பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும் எடைக் கோட்டைக் காட்டினார். மற்ற பிள்ளைகளின் கோடு மேலே போகிறது, என் பிள்ளையின் புள்ளி கீழே தனியாகக் கிடந்தது.

வீட்டில் அண்ணி அன்றே மாவுப்பால் டின் ஒன்று வாங்கிவந்து மேசை நடுவில் வைத்தார். உனக்குப் பால் பத்தவில்லை, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றார். சொன்னது நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் சுருக்கென்று தைத்தது. என் உடம்பு ஒரு பிள்ளைக்குச் சோறு போட லாயக்கில்லை என்று சொன்ன மாதிரி இருந்தது. டின்னைத் தூக்கி அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அண்ணி தேடி எடுத்து மறுபடி மேசையில் வைப்பார். நான் மறுபடி ஒளிப்பேன். கதிருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், இங்கே நடந்த பனிப்போர் அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் என்னைப் பயமுறுத்தியது டின் இல்லை, அப்பா. மிஸ்ஸி கடைசியில் சொன்ன ஒரு வார்த்தை. ஒரு வாரம் பார்க்கலாம், எடை ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம், கவலைப்படாதே, இரண்டு நாள்தான் என்றார்.

இரண்டு நாள்தான். உங்களுக்கு நினைவிருக்கிறதா?

உங்களைச் சேர்த்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். நுரையீரலில் கொஞ்சம் நீர், இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று. எனக்கு அப்போது ஐந்து மாதம். நீங்கள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றீர்கள். நான் அதட்டினேன். "சும்மா இருங்கப்பா, ரெண்டு நாள்தான்." அதட்டிக்கொண்டே அட்மிஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் நாள் விடிந்தபோது நீங்கள் இல்லை. டாக்டர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். ஆனால் நீங்கள் வேண்டாம் என்று சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரைப் போய்க் கேட்பேன்?

அதனால் 'வார்டு' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் புத்தி வேறு பக்கம் ஓடிவிட்டது. பிள்ளைக்கு ஏன் எடை ஏறவில்லை என்று யோசிக்க வேண்டியவள், எடையை எப்படி ஏற்றிக் காட்டுவது என்று யோசித்தேன்.

முப்பதாம் நாள் சடங்குக்கு வந்தவர்கள் யாழினிக்கு வெள்ளியாகக் கொட்டினார்கள். கதிரின் சித்தப்பா கனமான அரைஞாண் போட்டார். காலுக்குத் தண்டை ஒரு ஜோடி, கைக்குக் காப்பு ஒரு ஜோடி. முப்பத்தைந்தாம் நாள் கிளினிக்குப் புறப்படும்போது எல்லாவற்றையும் போட்டேன். அண்ணி பார்த்துவிட்டு, மகாராணி கணக்காப் புறப்பட்டாச்சு என்று சிரித்தார். மாதக்கணக்கில் சிரிக்காத நானும் சேர்ந்து சிரித்தேன்.

மிஸ்ஸி துணியைக் கழற்றச் சொன்னார், கழற்றினேன். டயப்பரைக் கழற்றச் சொன்னார், அதையும் கழற்றினேன். அரைஞாணைக் காட்டி இது என்று இழுத்தார். நான் முகத்தை வைத்துக்கொண்டு, இது சாமிக்கு வேண்டிப் போட்டது, எங்கள் வழக்கப்படி இத்தனை நாளைக்குக் கழற்றக் கூடாது என்று மலாயில் கூசாமல் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? அவருக்கு என்ன தெரியும் பாவம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையை ஆட்டினார். தண்டை, காப்பு பக்கம் திரும்பவே இல்லை. தராசு மூன்று கிலோ நூற்றுத் தொண்ணூறு காட்டியது. நல்ல முன்னேற்றம், இனி ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணி அன்று தானாகவே பால் டின்னை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். "நான்தான் அவசரப்பட்டுட்டேன், மனசுல வெச்சுக்காத லா" என்றார். அதைக் கேட்டு நான் செத்துப்போயிருக்கலாம்.

அவர் குளிக்கப் போனதும் வெள்ளியை எல்லாம் கழற்றி, கேக் மாவு நிறுக்கிற தராசில் போட்டேன். நூற்று ஐம்பது கிராம். கழித்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் என் பிள்ளை ஏறியது நாற்பது கிராம். தீப்பெட்டி நாலைந்து சேர்த்தால் அந்தக் கனம் வருமா, அவ்வளவுதான். இது எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒரு மாதத்துக்கு யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வசதியை நானே ஏற்படுத்திக்கொண்டேன், அப்பா. யாருமே பார்க்காத இடத்தில் என் பிள்ளையைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அடுத்த ஐந்து நாள் எப்படிப் போனது என்று எனக்கே தெரியவில்லை. எப்போது பார்த்தாலும் அவளை நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் சப்புவாள், தூங்கிவிடுவாள். வயிறு நிறைந்துவிட்டது, அதுதான் தூங்குகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஈர டயப்பரை எண்ண ஆரம்பித்தேன். ஆறு, ஐந்து, பிறகு நான்கு. அண்ணி எதிரில் சிரித்துக்கொண்டிருப்பேன். கதிர் வேலையிலிருந்து கூப்பிட்டு, பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்பார். தூங்குகிறாள் என்பேன். அது பொய் இல்லை. அவள் தூங்கிக்கொண்டேதான் இருந்தாள்.

நாற்பதாம் நாள், வியாழக்கிழமை காலை. அண்ணி காலை நீட்டி அவளைப் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். உங்கள் பேத்திக்குக் குளியல் என்றால் ஆகவே ஆகாது, தண்ணீர் பட்டதும் கீழ்வீட்டுக்காரர்கள் வரைக்கும் கேட்கும்படி கத்துவாள். அன்று கத்தவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கை இரண்டையும் போட்டுவிட்டுக் கிடந்தாள். தலையில் தண்ணீர் ஊற்றியபோதும் சிணுங்கவில்லை.

"பாரேன், எவ்ளோ சமத்தா குளிக்கிறா. பழகிட்டா நம்ம புள்ள" என்றார் அண்ணி.

நீங்களும் கடைசி இரண்டு நாள் அப்படித்தான் சமத்தாக இருந்தீர்கள். மருந்து வேண்டாம் என்று முரண்டு பிடிக்கவில்லை, கஞ்சி உப்பில்லை என்று திட்டவில்லை. நர்ஸ்கூட நல்ல அப்பா என்றார். நான் அண்ணி கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு, கிளினிக்குப் போகணும், இப்பவே போகணும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் மாசம் ஆகலையே என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தார்.

எண் எடுக்கவில்லை, வரிசையில் நிற்கவில்லை. நேராக ரொஹானா மிஸ்ஸியின் மேசைக்குப் போனேன். வெள்ளி எதுவும் இல்லாமல், வெறும் உடம்பாகத் தராசில் போட்டேன். மூன்று கிலோ இருபது. அவர் புத்தகத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், தராசில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அதைத் தட்டிப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்.

"தராசு சரியாத்தான் இருக்கு மிஸ்ஸி. அன்னைக்கு நான்தான் பொய் சொன்னேன். கழட்டக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. எடை கூடக் காட்டணும்னு போட்டேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. எவ்வளவு கனம் என்று மட்டும் கேட்டார். நூற்று ஐம்பது என்றேன். பேனாவை எடுத்து, பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மூன்று கிலோ நாற்பது என்று எழுதினார். பிறகு தணிந்த குரலில், உங்கள் சாமி விஷயம், நான் தொடக் கூடாது என்றுதான் அன்று விட்டுவிட்டேன் என்றார். பளார் என்று அறைந்த மாதிரி இருந்தது எனக்கு. அவர் காட்டிய மரியாதையைத்தான் நான் தராசில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

அவர் உடனே டாக்டரைக் கூப்பிட்டார், டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். காரில் போகும்போது அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பினார்.

"என்ன எதிரியா நெனச்சிட்டியேம்மா. டின்ன ஒளிச்ச, சரி. புள்ளையவே ஒளிச்சிட்டியே."

உண்மைதானே.

அதே ஆஸ்பத்திரிதான், அப்பா. அதே கவுண்டர், அதே நீல நாற்காலிகள். வேலை உடையைக்கூட மாற்றாமல் கதிர் ஓடிவந்திருந்தார். கவுண்டரில் பாரத்தை நீட்டி, இரண்டு நாள்தான் என்று ஒருவர் சொன்னார். பேனாவை எடுத்துப் பாரத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். நான் போடுகிறேன் என்று கதிர் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்துவிட்டேன். அவர் பெயர் எழுத ஆரம்பிக்கும் முன் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஏன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அவளை மறைத்தவள் நான், ஒப்புக்கொடுக்க வேண்டியவளும் நான்தான் என்று தோன்றியது. உங்களுக்குப் போட்ட அதே கோணல் கையெழுத்தைப் போட்டேன்.

இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார்கள். நோய் ஒன்றும் இல்லை. பசிதான். மறுநாள் தாய்ப்பால் சொல்லித்தரும் நர்ஸ் ஒருத்தி வந்தாள், நம்ம தமிழ்ப் பிள்ளை, பெயர் தர்ஷினி. நான் பால் கொடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "அக்கா, முழுங்குற சத்தம் கேக்குதா? கேக்கல பாருங்க. இவ குடிக்கல, சும்மா சப்பிட்டு அசதியில தூங்குறா" என்றாள். காம்பின் நுனியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என் பிள்ளை. ஐந்து வாரமாக அதைப் பார்த்து வயிறு நிறைந்த தூக்கம் என்று பூரித்திருக்கிறேன் நான்.

எப்படி வாயை அகலத் திறக்கவைத்துச் சேர்ப்பது, தூங்கினால் துணியைக் கழற்றி உள்ளங்காலை வருடி எழுப்புவது, சப்புவது நின்றால் மார்பை மெல்ல அழுத்திப் பாலை இறக்குவது, எல்லாம் காட்டினாள். கொடுத்து முடித்ததும் மிச்சத்தைக் கறந்து சின்னக் கிண்ணத்தில் புகட்டச் சொன்னாள். பிள்ளைக்குத் தெம்பு வரும் வரைக்கும் கொஞ்சம் மாவுப்பாலும் வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். கொடுங்கண்ணி என்றேன். முதல் கிண்ணத்தை அவர்தான் புகட்டினார். மாவுப்பால் குடித்த பிள்ளை என்னை ஒன்றும் கேவலமாகப் பார்க்கவில்லை, ஏப்பம்தான் விட்டது.

அன்று மத்தியானம் என் நெஞ்சில் கிடந்தபோது குளுக், குளுக் என்று ஒரு சத்தம் கேட்டது. முதலில் எனக்கு என்னவென்றே புரியவில்லை. அவள் விழுங்குகிறாள், அப்பா. வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன்.

சொன்னபடி இரண்டே நாள். சனிக்கிழமை அனுப்பினார்கள், மூன்று கிலோ நூற்றிருபது. பத்து நாள் கழித்துப் பார்க்க வேண்டும், அதற்குள் முன்னூறைத் தாண்ட வேண்டும் என்றார்கள். இந்தப் பத்து நாளும் அலாரம் வைத்து எழுப்பி எழுப்பிக் கொடுத்திருக்கிறேன். கறந்திருக்கிறேன், கிண்ணம் கழுவியிருக்கிறேன். சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வீட்டில் எடை போட்டுப் பார்க்கவே இல்லை. பயம்தான், வேறென்ன.

முப்பத்தேழைக் கூப்பிட்டுவிட்டார்கள். வைக்கிறேன், அப்பா.

---

வீட்டுக்கு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

ரொஹானா மிஸ்ஸிதான் போட்டார். இடுப்பில் கறுப்புக் கயிறு ஒன்று மட்டும் கிடந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். தராசில் போட்டதும் உங்கள் பேத்தி கையைக் காலை உதறி, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு கத்து கத்தினாள். எண் நிலைக்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் அடங்கினால்தானே நிற்கும்? எனக்கு அவள் அடங்கவே வேண்டாம் போல இருந்தது. கடைசியில் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள்.

மூன்று கிலோ முன்னூற்று எழுபது.

மிஸ்ஸி இரண்டு முறை பார்த்துவிட்டு எழுதினார். இன்னும் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறாள். ஆனால் புள்ளி மேலே திரும்பிவிட்டது. அடுத்த வாரமும் வர வேண்டும், அதற்கடுத்த வாரமும் வர வேண்டும். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாம்பார் வாளிக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதி முடிக்கிறேன்.

இனி அவள் எடை எவ்வளவோ அவ்வளவுதான் சொல்வேன், அப்பா. குறைந்தால் குறைந்தது என்பேன். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று அண்ணியிடம் சொல்வேன், கதிரிடம் சொல்வேன், மிஸ்ஸியிடமும் சொல்வேன். யாரும் பார்க்காத இடத்தில் அவளை வைக்க மாட்டேன். இது உங்கள்மேல் சத்தியம்.

ஒன்றே ஒன்று. இரண்டு பேருக்கு அந்தக் கவுண்டரில் கையெழுத்துப் போட்டேன். ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். உங்களைத்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வர முடியவில்லை, அப்பா. நீங்களும் வரணும்னுதான் கையெழுத்துப் போட்டேன்.

யாழினியின் அம்மா,
உங்கள் மகள்
மாலதி
பாசிர் கூடாங்